பழைய ஏர் சீட்: காற்று எந்த வழியாகப் போகிறது?

கேள்வி இதுதான்: காற்றடித்து உயரம், மென்மை மாற்றிக்கொள்ளும் பைக் சீட் ஒன்றை ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். வண்டி சும்மா நிற்கும்போது அடித்த காற்று நிற்கிறது. ஏறி உட்கார்ந்து ஓட்டினால் முக்கால் மணி நேரத்தில் சீட் இறங்கிவிடுகிறது. "பம்ப்தான் போயிருக்கும்" என்று விற்றவர் சொன்னதை நம்பிப் புது கைப்பம்ப் மாற்றியாயிற்று, பலன் இல்லை. இனி கவரைப் பிரித்துப் பார்த்துவிடலாமா?

இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். இந்த மாதிரி சீட்டின் கவருக்குள் ஒரு காற்றுப் பை இருக்கும். காற்று போகும் இடம் பெரும்பாலும் அந்தப் பைக்கு வெளியேதான் இருக்கும்: ட்யூபின் முனை, வால்வு, இணைப்பு. கவரைப் பிரித்து மறுபடி இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது பெரிய வேலை. அதில் கை தவறி ஒரு பின் பையில் இறங்கினால் இல்லாத ஓட்டையும் வந்து சேரும். பம்ப் பக்கமா, பை பக்கமா, எந்தப் பாதியில் கசிவு என்று தெரியாமல் ஒரு தையலையும் தொடக்கூடாது.

உங்கள் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. சும்மா நின்றால் நிற்கிறது, பாரம் ஏறினால் போகிறது என்றால், அழுத்தம் கூடும்போது மட்டும் திறக்கும் கசிவு அது. பெரிய கிழிசலாக இருந்தால் சும்மா நிற்கும்போதே சீட் தட்டையாகிவிடும்.

எவ்வளவு அழுத்தம் என்று முதலில் தெரிய வேண்டும்

ஏர் சீட் என்றதும் டயர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ ஆள் உட்கார்ந்தால், காலுக்கும் கைக்கும் போனது போக, சீட்டில் இறங்குவது சுமார் 45 கிலோ. தொடையும் பிட்டமும் படும் பரப்பு 600 சதுர செ.மீ. என்று வைத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.075 கிலோ. அதாவது ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. டயரில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, டயர் கேஜால் இதை அளக்க முடியாது, முள் அசையவே அசையாது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நேராகப் பையில் வைத்தால் ஒரு நொடியில் உள்ளே இருக்கும் வெல்டிங் (சூட்டில் ஒட்டிய இணைப்பு) பிய்ந்துவிடும். இரண்டு, இதற்குச் சரியான கருவி ரத்த அழுத்தம் பார்க்கும் முள் மீட்டர். அது 0 முதல் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். 1 பிஎஸ்ஐ என்பது சுமார் 52 மி.மீ. பாதரசம். ஆக, நீங்கள் உட்கார்ந்தால் வரும் அழுத்தம் அந்த டயலில் 50, 60 என்று தெளிவாகத் தெரியும். அதன் ரப்பர் பல்பும் சீட்டின் கைப்பம்பும் வேலை செய்யும் விதத்தில் ஒன்றுதான். பின்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் ஒருவழி வால்வு, முன்பக்கம் காற்றைத் திரும்பவிடாத இன்னொரு ஒருவழி வால்வு, பக்கத்தில் காற்றைத் திறந்துவிடும் திருகு. ட்யூபின் உள்விட்டம் பொருந்தினால் அந்தப் பல்பையே மாற்றுப் பம்பாக வைத்து ஓட்டலாம்.

காற்று போகாமலே சீட் இறங்குவது

சோதனையைத் தொடங்கும் முன் இதைத் தாண்டிவிட வேண்டும். இல்லாத கசிவைத் தேடி நல்ல சீட்டைப் பிரித்தவர்கள் உண்டு.

வெப்பநிலை: வெயிலில் நின்ற வண்டியில், 45 டிகிரி சூட்டில் சரியாக வைத்த சீட், இரவில் 20 டிகிரிக்கு வந்தால் தொய்ந்துதான் இருக்கும். பை விரியவோ சுருங்கவோ இடமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த 25 டிகிரி வித்தியாசம் 1.2 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தை மாற்றும். டயரில் 1.2 பிஎஸ்ஐ கண்ணில் படாத அளவு. மொத்தமே 1 பிஎஸ்ஐயில் வேலை செய்யும் சீட்டில் இதுதான் எல்லாமே.

உயரம்: 1000 மீட்டர் மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1.6 பிஎஸ்ஐ குறைகிறது. மலைமேல் சீட் உப்பிக் கல்லாகும். அங்கே காற்றைக் குறைத்துவிட்டுக் கீழே இறங்கினால், அடிவாரத்தில் சீட் காலியாக இருக்கும். யாரும் எதையும் திருடவில்லை.

ஃபோம்: பழைய சீட்டில் பையைத் தாங்கும் ஃபோம் அமுங்கிப் போயிருக்கும். உட்கார்ந்து அரைமணி கழித்து உடல் சூட்டில் அது இன்னும் இளகி, அடித்தட்டு தட்டுப்படும். ஓட்டுபவருக்கு அது காற்று இறங்கியது போலவே தோன்றும். இதைப் பிரித்தறிய எளிய வழி: இறங்கிவிட்டது என்று தோன்றும்போது வண்டியை நிறுத்தி இறங்கி, பம்பைத் தொடாமல், காற்றைத் திறந்துவிடும் ரிலீஸ் பட்டனை அழுத்துங்கள். 'புஸ்' என்று நிறையக் காற்று வந்தால் பையில் காற்று இருந்திருக்கிறது, குற்றவாளி ஃபோம்.

பட்டன்: ரிலீஸ் வால்வு அழுத்தும் பட்டனாக இருந்து, சீட்டின் பக்கவாட்டில் தொங்கினால், தொடையோ சாமான் பையின் பட்டையோ அதை அவ்வப்போது அழுத்திக்கொண்டே வரும். சும்மா நிற்கும்போது நிற்கிறது, ஓட்டினால் போகிறது என்ற உங்கள் புகாருக்கு இது ஒன்றே போதும். பம்பைத் தற்காலிகமாக எதிலும் படாத இடத்தில் கட்டிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இணைந்த அறைகள்: சில மாடலில் முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் இருவரின் காற்றுப் பைகளுக்கும் ஒரே ட்யூப். நீங்கள் மட்டும் உட்கார்ந்தால் உங்கள் காற்று மெல்லப் பின்பக்கப் பைக்கு நகர்ந்துவிடும். கையால் பின் சீட்டை அமுக்கிப் பாருங்கள். உங்கள் பக்கம் எழும்பினால் இணைப்பு இருக்கிறது, இடையில் இருக்க வேண்டிய தடுப்பு வால்வை முந்தைய சொந்தக்காரர் கழற்றியிருக்கலாம்.

இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது

தேவை: மேற்சொன்ன மீட்டர், ட்யூபின் அளவுக்கு மூன்று வாய் உள்ள ஒரு டி ஜாயின்ட், அரை அடி ட்யூப், ட்யூபை நசுக்கிப் பிடிக்க ஒரு கிளிப். கிளிப்பின் பல் நேரடியாக ட்யூபைக் கடிக்கக்கூடாது, நடுவில் ஒரு துண்டுத் துணி வையுங்கள். பழைய ட்யூப் விறைத்திருந்தால் நசுக்காதீர்கள், வெடித்துவிடும். அங்கே கழற்றிவிட்டு முனையை அடைப்பதே நல்லது.

சீட்டைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். பம்புக்கும் பைக்கும் நடுவில் டி ஜாயின்ட் போட்டு மீட்டரை இணையுங்கள். பிறகு பாரம் ஏற்ற வேண்டும், ஏனென்றால் உங்கள் கசிவு பாரத்தில்தான் பேசுகிறது. உட்காரும் இடத்துக்கு அளவாக ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. 40 கிலோ ஆயிற்று, ஏறத்தாழ நீங்கள் உட்கார்ந்த மாதிரி.

60 மி.மீ. வரை அடியுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் முள் கொஞ்சம் இறங்கும். பை நீள்கிறது, அடித்த காற்று குளிர்கிறது, அதனால் வருவது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 5 நிமிடம் கழித்து முள்ளின் இடத்தைக் குறித்துவைத்து, அதிலிருந்து 15 நிமிடம் பாருங்கள். முள் தொடர்ந்து இறங்கினால் கசிவு உண்மை.

இப்போது மீட்டருக்கும் பம்புக்கும் நடுவில் ட்யூபை நசுக்குங்கள். முள் நின்றுவிட்டால் கசிவு பம்ப் பக்கம், கவரைத் தொட வேண்டியதில்லை. இறங்கிக்கொண்டே இருந்தால் கிளிப்பை மீட்டருக்கும் பைக்கும் நடுவில் மாற்றுங்கள். இப்போது நின்றால் பை அல்லது பையின் கழுத்து. எங்கே நசுக்கினாலும் இறங்கினால் நீங்கள் போட்ட டி ஜாயின்டே கசிகிறது. அதையும் சோப்புத் தண்ணீரில் பார்த்துவிடுங்கள், புதிதாகச் சேர்த்ததைத்தான் கடைசியில் சந்தேகிப்போம்.

இன்னொரு சூட்சுமம். அதே சோதனையைப் பாரத்தை எடுத்துவிட்டு 20 மி.மீ.யிலும் செய்யுங்கள். 60இல் கசிந்து 20இல் நின்றால், பையின் ஓரத் தையல் அல்லது வெல்டிங், இல்லாவிட்டால் பித்தளை முனையில் தளர்ந்த ட்யூப். 20இல் கசிந்து 60இல் நின்றால், பெரும்பாலும் வால்வின் ரப்பர் நாக்கு. அந்த நாக்கு சரியாக உட்காரவே பின்னாலிருந்து கொஞ்சம் அழுத்தம் வேண்டும். தூசியோ வயதோ ஏறியது குறைந்த அழுத்தத்தில் உட்காராது.

பம்ப் பக்கம் என்றால்

பல்பைத் தனியே கழற்றி, காற்று வெளிவரும் துளையை விரலால் அடைத்து, ரிலீஸை மூடி, அமுக்குங்கள். அமுங்க மறுக்க வேண்டும். சுலபமாக அமுங்கி வால் பக்கம் (பல்பின் பின்பக்கம்) காற்று வந்தால் உள்ளிழுக்கும் வால்வு மூடவில்லை. அமுக்கிவிட்டபின் பல்ப் மெதுவாக உப்பினால் வால் பக்கத் துளையில் தூசி. ஊசியால் குத்தாமல் வாயால் ஊதி, பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

சீட்டில் பொருத்தி, காற்றடித்து, நீங்கள் உட்கார்ந்ததும் பல்ப் தானாக விறைத்தால், முன்பக்க ஒருவழி வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. பல்ப் விறைப்பதோடு நின்றால் இழப்பு கொஞ்சம்தான், ஏனென்றால் வால் பக்க வால்வு காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் தேய்ந்தால்தான் வால் வழியாக முழுக்கப் போகும். ரிலீஸ் திருகு உள்ள மாடலில், திருகை இடுக்கி போட்டு இறுக்கக்கூடாது. திருகின் ஊசிமுனை தான் போய் உட்காரும் இடத்தில் பள்ளம் போட்டுவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் மூடாது.

எண்ணெய், கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் வால்வில் போடாதீர்கள். ரப்பர் நாக்கு உப்பி மடங்கும். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்துக்கு வேண்டுமானால் ஒரு பொட்டு சிலிகான் கிரீஸ், அதுவும் சிலிகான் அல்லாத ரப்பராக இருந்தால் மட்டும்.

ட்யூப், என் முதல் சந்தேகம்

உங்கள் சீட்டில் புது பம்ப் மாற்றியிருக்கிறீர்கள். அதாவது பழைய ட்யூபைப் பழைய முனையிலிருந்து இழுத்து, புது முனையில் செருகியிருக்கிறீர்கள். பிரச்சினை இங்கேயே இருக்கலாம். பல வருடம் விரிந்தபடியே இருந்த வினைல் ட்யூபின் வாய் மறுபடி சுருங்காது. அதன் மென்மை தரும் சேர்மானம் மெல்ல வெளியேறி, கழுத்து விறைத்து, முனையின் வரிகளுக்கு மேலே மயிரிழை வெடிப்புகள் நீளவாக்கில் விழுந்திருக்கும். விரலால் வளைத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். சும்மா இருக்கும்போது அந்த வெடிப்பு மூடியிருக்கும், 50 மி.மீ. அழுத்தம் வந்ததும் வாய் திறக்கும். உங்கள் அறிகுறிக்கு அப்படியே பொருந்துகிறது.

செய்ய வேண்டியது எளிது. விறைத்த பகுதி முழுவதையும், குறைந்தது 1.5 செ.மீ., கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் வாய் சப்பும். முனையைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் வைத்து, முழு வரிகளும் மறையும்வரை செருகுங்கள். மேலே சிறிய ஸ்பிரிங் கிளிப். கேபிள் டை போடுவதானால் கையால் இழுக்கும் அளவோடு நிறுத்துங்கள். இடுக்கியால் இழுத்தால் அதுவே ட்யூபை அறுத்துவிடும்.

மொத்த ட்யூபும் மஞ்சளாகி விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்விட்டத்தை அளக்க டிரில் பிட்டின் பின்பக்கத் தண்டைச் செருகிப் பார்க்கலாம். எது இறுக்கமில்லாமல் சரியாகப் போகிறதோ அதுதான் அளவு, பெரும்பாலும் 4க்கும் 6க்கும் நடுவில் வரும் மி.மீ. பாலியூரித்தேன் ட்யூப் வாங்குங்கள். சிலிகான் ட்யூப் மென்மையாக, செருகச் சுகமாக இருக்கும், ஆனால் அதன் சுவர் வழியாகவே காற்று மெல்லக் கசியும் இயல்புள்ளது. சிலிகான் பசை தவிர வேறெந்தப் பசையும் அதில் ஒட்டாது.

ஒன்றைக் கவனியுங்கள்: ட்யூப் சீட்டுக்கு அடியில் எந்த வழியாகப் போகிறது? சீட்டின் அடித்தட்டு சேஸிஸில் உட்காரும் இடங்களில் ரப்பர் குமிழ்கள் இருக்க வேண்டும். கைமாறி வந்த சீட்டில் இரண்டு மூன்று காணாமல் போயிருப்பது சகஜம். அவை இல்லாவிட்டால் அடித்தட்டு நேராகச் சேஸிஸ் குழாய்மேல் உட்கார்ந்து, நடுவில் போகும் ட்யூபை நசுக்கும். நசுங்கினால் காற்று ஏறாது, பம்ப் கல்லாக இருக்கும், அல்லது ரிலீஸை அழுத்தினாலும் இறங்காது. அப்படியே ஓட்டினால் அதிர்வில் ட்யூப் தேய்ந்து அறுந்துவிடும். சந்தேகம் இருந்தால் ட்யூப் போகும் வழியில் சாக்பீஸ் பொடி தடவி, சீட்டை மாட்டி, ஒரு முறை உட்கார்ந்து எழுந்து, கழற்றிப் பாருங்கள். பொடி அழிந்த இடம்தான் நசுக்கும் இடம்.

பித்தளை இணைப்பு ஏதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மேலே வருகிறதா என்றும் பாருங்கள். வேறு வண்டிக்குச் செய்த சீட்டை மாட்டியிருந்தால் இது நடக்கும். காற்று இறங்கிச் சீட் தாழும்போது உலோகம் முனையையும் சேஸிஸையும் சேர்த்துத் தொட்டால், அங்கே போவது காற்று மட்டும் அல்ல. சீட்டின் முன் நாக்கு சரியாக மாட்டியிருக்கிறதா, பின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று சீட்டை இரு முனையிலும் மேலே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும்.

பைதான் என்று உறுதியானால்

அப்போதுதான் கவர். முதலில் சீட்டைத் திருப்பிப் பின்களைப் பாருங்கள். பின்கள் இரண்டு விதமாக இருந்தாலோ, பழைய பின் துளைகள் காலியாகத் தெரிந்தாலோ, யாரோ ஏற்கெனவே ரெக்ஸின் மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் முதல் சந்தேகம் அவர்கள் அடித்த பின். பிளாஸ்டிக் அடித்தட்டுக்கு 6 மி.மீ. கால் உள்ள பின் போதும். 10 மி.மீ. பின் தட்டைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். நீங்கள் உட்காரும்போது பை அதன்மேல் அமுங்கும், எழுந்ததும் விலகிவிடும். பாரத்தில் மட்டும் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா இடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து தொடங்கி, பையின் கழுத்து தெரியும் அளவுக்கு மட்டும் பின்களைக் கழற்றுங்கள். தட்டையான சின்ன ஸ்குரூடிரைவரால் நெம்பி, இடுக்கியால் இழுக்க வேண்டும். கழற்றிய பின்களை எண்ணி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒரு பாதிப் பின் ஃபோமுக்குள் தங்கினால் மறுபடி இதே கதை. ரெக்ஸின் விறைத்திருந்தால் ஹேர் டிரையரால் சூடாக்கி இளக்குங்கள்.

பல நேரம் பை ஃபோமோடு ஒட்டப்பட்டிருக்கும். இழுத்தால் பையின் தோல் ஃபோமோடு போய்விடும். தடித்த நைலான் நூலை இரு கையால் பிடித்து, நடுவில் ரம்பம் போல இழுத்து அறுத்தால் ஃபோமில்தான் கொஞ்சம் போகும், பை தப்பிக்கும். தின்னர், பெட்ரோல் வேண்டாம். ஃபோமையும் பையையும் சேர்த்துக் கெடுக்கும்.

வெளியே எடுத்த பையை மிதமாக உப்பவைத்துத் தண்ணீரில் அமுக்குங்கள். முதலில் கழுத்து, பிறகு ஓர வெல்டிங், பிறகு மடிப்பு விழுந்த கோடுகள், இந்த வரிசையில். தொட்டியில் அமுக்க முடியாத பெரிய பைக்கு, ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவலாம். குமிழியின் வேகத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். 4 மி.மீ. குமிழி ஒன்றில் இருப்பது ஒரு மில்லிலிட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் நொடிக்கு ஒன்று வந்தால் நிமிடத்துக்கு 2 மில்லி, மணிக்கு 120 மில்லி. ஒன்றரை லிட்டர் பிடிக்கும் பையில் மூன்று மணி நேரத்தில் கால் பங்கு போய்விடும். உட்காரும் எலும்பு தட்டில் முட்ட அது போதும். குமிழி வரும் இடத்தை, காய்ந்ததும் அழியாத மார்க்கரால் சுற்றி வட்டமிடுங்கள்.

எதனால் ஆன பை, எந்தப் பசை

ஒட்டு நிற்காததற்கு முக்கால்வாசிக் காரணம் தவறான பசை. மூன்று வகைப் பைதான் பெரும்பாலும் வரும். கருப்பாக, ரப்பர் கையுறை போல் இழுபடுவது நியோப்ரீன் அல்லது வேறு ரப்பர். ஏர்ஹாக் போன்ற அறை அறையாக இருக்கும் மேல்மெத்தைகளில் இந்த வகையும் பாலியூரித்தேன் வகையும் உண்டு. பளபளப்பாக, மழைக்கோட்டு வாசனையோடு இருப்பது பிவிசி. வாசனையில்லாமல், மெல்லியதாக, இழுத்தால் நீண்டு திரும்புவது பாலியூரித்தேன்.

பிவிசியா, பாலியூரித்தேனா என்று குழப்பமாக இருந்தால் ஒரு சோதனை. செம்புக் கம்பியைச் சுடரில் காய்ச்சி, பையின் வெல்டிங்குக்கு வெளியே உள்ள உபரி ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசி. வராவிட்டால் பாலியூரித்தேன். திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. நியோப்ரீனும் பச்சை காட்டும், ஆனால் அதைப் பார்த்தாலே ரப்பர் என்று தெரியும்.

பிவிசிக்கு, காற்றடைத்த படகு, நீச்சல் மிதவை ஒட்டும் பிவிசிப் பசையும் அதே பிவிசித் துண்டும். தண்ணீர்க் குழாய் ஒட்டும் சால்வென்ட் சிமென்ட் காய்ந்தால் கண்ணாடியாக விறைத்து, முதல் முறை உட்கார்ந்ததும் உடையும். பாலியூரித்தேனுக்கு, அதற்கென்றே வரும் பாலியூரித்தேன் பசை, அல்லது சைக்கிளின் டிபியு (பாலியூரித்தேனின் ஒரு வகை) ட்யூபுக்கு விற்கும் தானாக ஒட்டும் துண்டு. நியோப்ரீனுக்கு நியோப்ரீன் பசை. டயர் ட்யூப் பஞ்சர் சொல்யூஷன் பியூட்டைல், இயற்கை ரப்பருக்கு மட்டும். அதைப் பிவிசியில் போட்டால் இரவில் ஒட்டியிருக்கும், காலையில் துண்டு கையோடு வரும். ஃபெவிக்விக் மாதிரி நொடிப்பசை வளையும் இடத்தில் நிற்காது. டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் வால்வையும் ட்யூபையும் சேர்த்து அடைக்கும், அதன்பின் எதையுமே சரிசெய்ய முடியாது.

முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஓட்டைக்குச் சுற்றிலும் 2.5 செ.மீ. கூடுதலாக, மூலையில்லாமல் வட்டமாகத் துண்டை வெட்டுங்கள். இரு பக்கமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பராக இருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள், மற்றவற்றைத் தேய்க்க வேண்டாம். பையில் காற்றை முழுக்க எடுத்துத் தட்டையாக்கி, பசையை மெல்லிய இரண்டு பூச்சாக, விரலில் ஒட்டாமல் பிசுக்கென்று இருக்கும் பதத்தில் சேர்த்து, நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். பாரம் வைத்து 24 மணி நேரம். இதில் அவசரப்பட்டால் மொத்த வேலையும் மறுபடி.

கழுத்தில் கசிந்தால் துண்டு ஒட்டுவது கடினம். கழுத்தைச் சுற்றி நடுவில் துளையிட்ட வளையத் துண்டு ஒட்டி, மேலே பாலியூரித்தேன் பசையை மேடாக வைத்துப் பார்க்கலாம். நான்கில் மூன்று முறை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எப்போது பையைத் தூக்கிப் போட வேண்டும்? காற்றடித்ததும் நடுவில் பந்து மாதிரி மேடு எழும்பினால் உள்ளே அறைகளைப் பிரிக்கும் வெல்டிங் விட்டுப்போயிற்று. வெளியிலிருந்து அதை ஒட்ட வழியில்லை. பையின் மேற்பரப்பு முழுக்கப் பிசுபிசுத்தால் பொருளே சிதைகிறது, ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்த மாதம் வேறோர் இடம். மாற்றுப் பை வைக்கும்போது ஃபோமில் உள்ள பள்ளத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. சிறிதாக இருக்கட்டும். பெரிய பையை மடித்துத் திணித்தால் அந்த மடிப்புதான் முதலில் வெடிக்கும். காருக்கான இடுப்புத் தாங்கிப் பைகள் அளவுக்குப் பொருந்தினால் தாராளமாகப் பயன்படும்.

மின் பம்ப் உள்ள சீட்டானால் காற்றுப் பாதைச் சோதனை அதேதான், கூடுதலாக, மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்ட் வால்வு ஒன்று இருக்கும். பம்ப் ஓடி காற்று ஏறாவிட்டால் அந்த வால்வு திறந்தபடி நிற்கலாம். பம்பே ஓடாவிட்டால் ஃபியூஸ், பிறகு எர்த் இணைப்பு, பிறகு சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். பம்பின் இரு முனையிலும், சுவிட்சை அழுத்தியபடி, 12 வோல்ட் அருகே வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 9, 10 என்று விழுந்தால் துருப்பிடித்த இணைப்பு. முந்தைய சொந்தக்காரர் பாட்டரியில் நேரடியாக வயரை முறுக்கியிருந்தால் முதலில் அதைப் பிரித்து, ஃபியூஸோடு, சாவி போட்டால் மட்டும் வரும் லைனுக்கு மாற்றுங்கள்.

திரும்ப மூடும்போதும், காற்று அடிக்கும்போதும்

கவரை மூடும் முன் மறுபடி 40 கிலோ சோதனை செய்யுங்கள், ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பின் அடிக்கும்போது பையில் காற்று இருக்கவே கூடாது. எவர்சில்வர் பின், 6 மி.மீ., பையின் கழுத்து வெளிவரும் இடத்தில் இருபுறமும் 3 செ.மீ. காலியாக விட்டு. கையால் அமுக்கும் ஸ்டேப்ளர் கெட்டிப் பிளாஸ்டிக்கில் பாதிதான் இறங்கும், மின்சாரத்திலோ காற்றிலோ இயங்குவது வேண்டும்.

சரிசெய்த சீட்டுகள் மறுபடி கெடுவதற்குப் பொதுவான காரணம் அளவுக்கு மீறி அடிப்பது. சீட் கல்லாகும்வரை அடித்து, மேலே ஏறி உட்கார்கிறார்கள். தாங்குவது காற்றுப் பையின் தோல் ஆகிவிடுகிறது, மெத்தை ஒன்றும் மிஞ்சுவதில்லை, வண்டியும் திருப்பத்தில் ஆடும். நடுத்தர அளவுக்கு அடித்து, ஓட்டும் உடையோடு ஏறி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, ரிலீஸை விட்டுவிட்டு அழுத்துங்கள். உட்காரும் எலும்பு அடித்தட்டில் தட்டுவது தெரியும் இடத்தில் நிறுத்தி, அதற்குமேல் இரண்டு அல்லது மூன்று அமுக்கு. ஒரு விரல் தடிமன் இடைவெளி இருந்தால் போதும். நீண்ட ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைப்பது உடம்புக்கு நல்லது. வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது இரண்டு நொடி காற்றைத் திறந்துவிட்டுப் போங்கள், ஒட்டிய துண்டுக்கு மேல் தேவையில்லாத இழுப்பு வராது.